சுங்கை சிப்புட் மாடிக்கடை பிசியோ: அம்மா கால் மரத்துப் போனதுக்காக எட்டு மாசம் போயிட்டு வந்த அனுபவம்

மொதல்ல ஆணி விஷயத்த சொல்லிடறேன், அத சொல்லாம இந்த கடைய பத்தி பேசுனா யாருக்கும் புரியாது. போன வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் அம்மா பாசாருக்கு போயிட்டு வந்து வாசல்ல சிலிப்பர கழட்டுறாங்க, சிமெண்ட் தரையில செவப்பா பொட்டு பொட்டா ஒரு தடம். குங்கும பொட்டலம் கிழிஞ்சிருச்சோன்னுதான் நான் நெனச்சேன். குனிஞ்சு பார்த்தா சிலிப்பர் அடியில ஒரு இஞ்சு ஆணி, ரப்பர தொளச்சுக்கிட்டு வந்து பாதத்துல ஏறி நிக்குது, காய்கறி கடை, பூக்கடை, பஸ் ஸ்டாண்டு எல்லாம் சுத்திட்டு அந்த ஆணியோடயே வீடு வரைக்கும் நடந்து வந்திருக்காங்க. "வலிக்கலயாம்மா?"ன்னு கேட்டேன். "சிலிப்பர் வழுக்குச்சுடி, மழ தண்ணின்னு விட்டுட்டேன்"ன்னு சொன்னாங்க.

அம்மாவுக்கு 76 வயசு. கல்யாணம் ஆனதுலேருந்து தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க, காலைல நாலரைக்கு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்னவங்க, முள்ளு குத்துனா நடந்துக்கிட்டே புடுங்கி எறிஞ்சிட்டு அடுத்த மரத்துக்கு போன காலு அது. அந்த காலுக்கு ஆணி தெரியலன்னா என்ன அர்த்தம்னு அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஒரே பதில்தான், "நரம்புத் தளர்ச்சி". கை நடுங்குனாலும் அதான், கால் மரத்தாலும் அதான், தல சுத்துனாலும் அதான், மறதி வந்தாலும் அதான். இந்த ஒரு வார்த்தைய வச்சிக்கிட்டு நம்ம ஆளுங்க எத்தன வியாதிய மூடி வச்சிருக்கோம்னு இப்ப நெனச்சா கஷ்டமா இருக்கு. ஒரு ஏஜெண்டு வீட்டுக்கே வந்து நரம்புக்கு நல்லதுன்னு ஒரு பெட்டி பவுடர் 280 மலேசிய வெள்ளிக்கு வித்துட்டு போனாரு, மூணு மாசம் மூணு பெட்டி, அம்மா வேல பார்த்தப்ப சேர்ந்த இ.பி.எஃப். சேமநிதி காசு. கால் அப்படியேதான் இருந்துச்சு. ஒரு கிளினிக்ல கூட்டிட்டு போய் காட்டுனா காலை தொட்டுக்கூட பார்க்காம "வயசாச்சு லா, அப்படித்தான் இருக்கும்"னு ரெண்டு நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. பேர் சொல்ல விரும்பல. ஆனா அந்த "வயசாச்சு"ங்கற வார்த்தைதான் என்னைய இந்த மாடிக்கடை வரைக்கும் கொண்டுட்டு வந்துச்சு, ஏன்னா வயசானா ஏன் அப்படி ஆகுதுன்னு எனக்கு யாராச்சும் சொல்லணும்னு தோணுச்சு.

கடை பழைய கடை வரிசையில மேல் மாடி, கீழ சாமான் கடை, பக்கத்துல தையல் கடை. நடத்தறவங்க கவர்மெண்ட் ஆஸ்பத்திரில பிசியோவா இருந்து ரிட்டயர் ஆன ஒரு அக்கா, கூட ஒரு மலாய்க்கார பொண்ணு, அது அரைகுறையா தமிழ் பேசும், "கால் தூக்கு ஆண்ட்டி, மெல்ல மெல்ல"ன்னு அழகா சொல்லும். உள்ள போனதும் பவுடர் டப்பா, எண்ணெய் பாட்டில், பெல்ட், காந்த செருப்பு எதுவும் அடுக்கி வைக்கல, அதுவே எனக்கு பெரிய நிம்மதி. ஒரு கட்டில், ரெண்டு நாற்காலி, செவுத்த ஒட்டி ஒரு கம்பி, தரையில மஞ்ச டேப்பு கோடு கோடா ஒட்டி இருந்துச்சு. அந்த டேப்பு எதுக்குன்னு அப்பறமாதான் தெரிஞ்சுது.

மொத நாள் முக்கா மணி நேரம். அம்மாவ படுக்க வச்சு, கண்ண மூட சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழைய எடுத்தாங்க, ஒரு கைப்பிடியில குத்தி வச்சிருக்கு. அத பாதத்துல வச்சு அமுத்துனா 10 கிராம் கனத்துல வளையுமாம், அதுக்கு மேல அமுத்தாது. அந்த தொடல் தெரியலன்னா பாதத்துக்கு ஆபத்து வந்தாலும் தெரியாதுன்னு அர்த்தம். கட்டவெரல், சுண்டுவெரல், முன்பாதம், குதிகால்னு மாத்தி மாத்தி வைக்கறாங்க, அம்மா தெரிஞ்சா "ம்" சொல்லணும். ரூம்ல ஃபேன் சத்தம் மட்டும்தான். ரொம்ப நேரம் கழிச்சு அம்மா கேட்டாங்க, "ஆரம்பிச்சிட்டியாம்மா?" அதுக்குள்ள வலது கால்ல ஆறு எடம் வச்சு முடிச்சிருந்தாங்க.

அடுத்து ஒரு இரும்பு கவை, சங்கீத வாத்தியாருங்க சுருதி பார்க்க வச்சிருப்பாங்கல்ல அது மாதிரி, ஆனா பெருசு. வினாடிக்கு 128 தடவ அதிரும். தட்டி மணிக்கட்டுல வச்சா "வண்டு மாதிரி இருக்கு"ன்னாங்க அம்மா, முட்டில வச்சா "லேசா இருக்கு", கட்டவெரல்ல வச்சா ஒன்னுமே சொல்லல. நான் என் கட்டவெரல்ல வச்சு பார்த்தேன், எலும்புக்குள்ள கிர்ருனு ஏறுது. அதே கவை, அதே தட்டு, அம்மாவுக்கு வெறும் இரும்பு.

அப்பத்தான் அம்மா அக்கா கைய புடிச்சு ரொம்ப மெதுவா கேட்டாங்க, "பெருவியாதியா?" நான் பக்கத்துலயே நிக்கறேன், எனக்கு நெஞ்சு அடச்சிருச்சு. ஒரு வருஷமா கால் மரத்துப் போறத அம்மா மறச்சு வச்சதுக்கு காரணம் இதுதான். அவங்க சின்ன வயசுல தோட்டத்துல யாருக்காச்சும் கை கால் உணர்ச்சி போச்சுன்னா சுங்கை பூலோவுக்கு கொண்டுட்டு போயிடுவாங்க, 1930ல கட்டுன குஷ்டரோக குடியிருப்பு அது, அங்க போனவங்க பேரக்கூட சில வீடுகள்ல சொல்ல மாட்டாங்க. அக்கா அம்மா தோல பார்த்து, முழங்கை பக்கத்துல ஓடற நரம்ப தடவி பார்த்து, "அது இல்லம்மா, உங்களுக்கு தேமல் இல்ல, நரம்பு தடிக்கல, அப்படியே இருந்தாலும் இன்னைக்கு மாத்திரையிலயே ஆறிடற வியாதி அது, மறைக்க ஒன்னுமே இல்ல"ன்னாங்க. அம்மா அழுதுட்டாங்க. இந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் இந்த கடைக்கு அஞ்சு ஸ்டார் குடுப்பேன்.

அதுக்கப்பறம் நான்தான் கேட்டேன், ஏன்க்கா இப்பல்லாம் எல்லாருக்கும் நரம்பு வியாதியா இருக்கு, அந்த காலத்துல இப்படி இல்லியே, கோழிக்கு ஊசி போடறதாலயா, அஜினமோட்டோவா, போன் டவரான்னு. ஊர்ல அப்படித்தானே பேசிக்கறாங்க. அக்கா என்னைய திருப்பி ஒரு கேள்வி கேட்டாங்க: "உங்க வீட்டு சாமி ரூம்ல படம் மாட்டி இருப்பீங்கல்ல, அதுல இருக்கறவங்க எல்லாம் எத்தன வயசுல போனாங்க?"

எண்ணி சொன்னேன். கப்பல்ல வந்து பினாங்குல எறங்குன கொள்ளுத்தாத்தா காய்ச்சல்ல போனாரு, 38ன்னு சொல்வாங்க. தாத்தா 51, காசநோய். பாட்டி 59, சீனி வியாதி. அப்பா 65, நெஞ்சு வலி. "அப்ப உங்க வீட்ல 76ஐ தொட்ட மொத ஆளு உங்க அம்மாதான். இந்த வயசுல ஒரு காலு எப்படி இருக்கும்னு உங்க வீட்ல இதுக்கு முந்தி யாரும் பார்த்ததே இல்ல. பார்க்காதத புதுசா வந்த வியாதின்னு நெனச்சுக்கறீங்க"ன்னாங்க. வீட்டுக்கு வந்து சாமி ரூம்ல ரொம்ப நேரம் அந்த படங்களையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

அப்பறம் நானே தேடி படிச்சதும் சேர்த்து எழுதறேன். 1901ல மால்கம் வாட்சன்னு ஒரு டாக்டர் கிள்ளானுக்கு வந்தப்ப அங்க மலேரியால சனங்க கொத்து கொத்தா செத்துக்கிட்டு இருந்தாங்க, அவரு சதுப்ப வெட்டி தண்ணிய வடிய விட்டுத்தான் அத அடக்குனாரு, அதுக்கு பின்னாடிதான் தோட்டங்கள்லயும் அந்த வேல பரவுச்சு. 1957ல சுதந்திரம் வாங்குன வருஷம் தீபகற்பத்துல சராசரி ஆயுசு ஆம்பளைக்கு 56 கிட்ட, பொம்பளைக்கு 58 கிட்ட. இப்ப 73, 78 கிட்ட. அந்த 56ன்னா எல்லாரும் 56ல செத்தாங்கன்னு அர்த்தம் இல்ல, அப்ப பொறந்த ஆயிரம் புள்ளைங்கள்ல 75 போல ஒரு வயசு தாண்டல, அதுவும் சேர்ந்த சராசரிதான். ஆனாலும் கை நடுக்கம் வர்ற வயசுக்கு, மறதி வர்ற வயசுக்கு வந்து சேர்ந்தவங்க கொஞ்சம் பேருதான். காய்ச்சலும் வயித்துப்போக்கும் சளியும் மொதல்லயே கொண்டுட்டு போயிருச்சு. 2030க்குள்ள நாட்டு சனத்தொகையில 15 விழுக்காடு 60 வயச தாண்டி இருக்கும்னு சொல்றாங்க, அப்ப நரம்பு வியாதி கூடாம என்ன செய்யும்.

இன்னொன்னும் சொல்லணும், அந்த காலத்துல நரம்பு வியாதியே இல்லன்னு சொல்றது தப்பு. இருந்துச்சு, பேரு வேற. குஷ்டம் நரம்ப தின்னற வியாதிதான். போலியோ நரம்பு வியாதிதான். பெரிபெரி கேள்விப்பட்டிருப்பீங்க, காலு மரத்து, வீங்கி, நடக்க முடியாம, கடைசில இதயம் நின்னு போகும், மலாயாவுல ஈயச்சுரங்க சீனத் தொழிலாளிங்கள வாட்டி எடுத்துச்சு. 1905ல கோலாலம்பூர் மனநல ஆஸ்பத்திரில ஃபிளெட்சர்னு ஒரு டாக்டர் ஒரு பக்கத்து ஆளுங்களுக்கு தீட்டுன சயாம் அரிசி, இன்னொரு பக்கத்துக்கு இந்திய புழுங்கலரிசி குடுத்து பார்த்தாரு, தீட்டுன அரிசி சாப்ட பக்கம்தான் பெரிபெரி வந்துச்சு. நெல்ல அவிக்கறப்போ தவிட்டுல இருக்கற பி1 வைட்டமின் உள்ள அரிசிக்குள்ள எறங்கிடும், அதான் காரணம். நம்ம தாத்தா பாட்டி புழுங்கலரிசி கஞ்சி குடிச்சதாலதான் பெரும்பாலும் தப்பிச்சாங்க. இத அம்மாகிட்ட படிச்சு சொன்னப்ப அவங்க மொகத்துல ஒரு பெருமை. ஆக சின்ன வயசுலயும் நடு வயசுலயும் வந்த நரம்பு வியாதி பெரும்பாலும் போயிருச்சு, கடைசில வர்றது மட்டும் மிஞ்சி நிக்குது, அதனால அது கண்ணுக்கு பெருசா தெரியுது.

சரி, நரம்புக்கு வயசானா அப்படி என்னதான் ஆகுது? அக்கா சொன்ன விதம் எனக்கு இன்னும் மறக்கல. தோல் செல்லு கிழிஞ்சா புதுசு வரும், ரத்தம் போனா புதுசு ஊறும், ஆனா நரம்பு செல்லு பெரும்பாலும் நாம பொறக்கறப்ப வந்ததுதான், 76 வருஷமா அதே செல்லுதான் வேல பார்க்குது. அதுலயும் கட்டவெரலுக்கு போற நரம்போட செல்லு இடுப்பு பக்கத்துல தண்டுவடத்த ஒட்டி இருக்கு, அதோட வாலு மட்டும் ஒரு மீட்டர் நீளம். நுனிக்கு வேண்டிய சாமான் எல்லாம் அந்த இடுப்புலேருந்துதான் போகணும். வேகமா போற சாமானே போய் சேர ரெண்டு மூணு நாளு. மெதுவா போறது இருக்கே, அது நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கு, கணக்கு போட்டு பாருங்க, ஒரு மீட்டர் போக ரெண்டு மூணு வருஷம். அம்மா இத கேட்டுட்டு "நம்ம லயத்து கடைசி வீட்டு பைப்பு மாதிரி"ன்னு சொன்னாங்க. தோட்டத்துல இருந்தப்ப எங்க வீடு லயத்துல, அதாவது வரிசை வீட்டுல, கடைசி வீடு, டாங்கில தண்ணி கொறஞ்சா மொதல்ல காஞ்சு போறது எங்க பைப்புதான், மத்த வீட்ல எல்லாம் இன்னும் வந்துக்கிட்டு இருக்கும். அக்கா கைதட்டிட்டாங்க. "இதவிட நல்லா எனக்கு சொல்ல தெரியாது, அதனாலதான் மரப்பு பாதத்துலேருந்து ஆரம்பிச்சு மேல ஏறுது"ன்னாங்க.

ஆனா வயச மட்டும் பழி சொல்லி விட்டுடலாமான்னா அதுவும் முடியாது, இந்த எடத்துலதான் அந்த கிளினிக்கும் இந்த கடையும் வேற வேற. அம்மாவுக்கு சீனி இருக்கு, 14 வருஷமா மெட்ஃபார்மின்னு சீனி மாத்திரை சாப்பிடறாங்க. 2019 நாட்டு சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காட்டுக்கு சீனி, அதுல இந்தியருங்கதான் எல்லா இனத்தையும் விட மேல, பத்துல மூணு பேரு கிட்ட. சீனி நரம்புக்கு ரத்தம் குடுக்கற நுண்ணிய குழாயையும் கெடுக்கும், நரம்பையும் கெடுக்கும், வருஷம் கூட கூட பாதிப்பும் கூடும், சீனி உள்ளவங்கள்ல பாதி பேரு வரைக்கும் ஏதோ ஒரு கட்டத்துல இது வரும்னு சொல்றாங்க. முன்ன சீனி வந்தவங்க பாட்டி மாதிரி 59ல போயிட்டாங்க, இப்ப மருந்து இருக்கு, 20, 30 வருஷம் சீனியோட வாழறாங்க, அந்த 30 வருஷமும் நரம்பு சும்மா இருக்குமா?

அக்கா இன்னும் ஒன்னு கேட்டாங்க, இத இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல: "அம்மா கறி மீன் சாப்பிடுவாங்களா?" அப்பா போனதுலேருந்து அம்மா சைவம், முட்டை கூட இல்ல, பால் மட்டும் டீல கொஞ்சம். மெட்ஃபார்மின் ரொம்ப வருஷம் சாப்ட்டா உடம்பு பி12 வைட்டமின எடுக்கறது கொறையும், வயசானா வயித்துல அமிலம் கொறஞ்சு இன்னும் கொறையும், சைவமா இருந்தா வர்றதே கம்மி. பி12 இல்லன்னா நரம்பு மேல இருக்கற உறை கெட்டுப்போகும், மரப்பு, தள்ளாட்டம், மறதி கூட வரும். கல்லீரல்ல வருஷக்கணக்குக்கு சேமிப்பு இருக்கறதால கொறயறது சட்டுனு தெரியாது. அக்கா மருந்து எதுவும் குடுக்கல, டாக்டருக்கு ஒரு லெட்டர் எழுதி குடுத்து ரத்தம் பார்க்க சொன்னாங்க, சீனி மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்கன்னு ரெண்டு தடவ சொன்னாங்க. வேற டாக்டர்கிட்ட போய் பார்த்தோம், பி12 ரொம்ப கம்மி. ஊசி போட ஆரம்பிச்சாங்க. "வயசாச்சு"ன்னு அனுப்புனாங்களே, அதுல ஒரு பங்கு ஊசில சரி பண்ற விஷயம். எனக்கு கோவம் இன்னும் போகல.

அந்த மஞ்ச டேப்பு கதைக்கு வர்றேன். எங்க தாமான்ல ரெண்டு வீடு தள்ளி ஒரு மாமா இருக்காரு, 72 வயசு, தோட்டத்துல மருந்தடிக்கிற வேல பார்த்தவரு, கோயில் கணக்கும் அவருதான் எழுதுவாரு. அவரு நடந்து வந்து வாசப்படில அப்படியே நின்னுடுவாரு, காலு தரையில ஒட்டுன மாதிரி, பின்னாடி தள்ளுனா விழுந்துடுவாரு. பார்க்கின்சன். நாங்க சொல்லித்தான் அவரையும் அவரு மகன் இங்க கூட்டிட்டு வந்தாரு. அக்கா அவர டேப்பு முன்னாடி நிக்க வச்சு, "மாமா, நடக்காதீங்க, கோட்ட தாண்டுங்க"ன்னாங்க. தாண்டுறாரு! ஒன்னு, ரெண்டு, மூணு, அக்கா கை தட்ட தட்ட பத்து கோடும் தாண்டிட்டாரு. தானா நடக்க மூளை போடற கட்டளை இந்த வியாதில தட்டு தடுமாறுது, கண்ணு பார்த்து தாண்டுறது, தாளத்துக்கு அடி வைக்கறது வேற வழியா போகுது, அதான் சூட்சுமம். இப்ப அவரு வீட்டு வாசல்லயும் மகன் டேப்பு ஒட்டி வச்சிருக்காரு.

அன்னைக்கு அக்கா அவர்கிட்ட கேட்ட கேள்விங்கள நானும் ஒக்காந்து கேட்டேன். மோப்பம் எப்ப போச்சு? மகன் சொன்னாரு, எட்டு வருஷத்துக்கு முன்னாடி டுரியான் சீசன்ல கார் நெறைய டுரியான் வாங்கிட்டு வந்தப்ப எல்லாரும் கண்ணாடிய எறக்குறாங்க, இவரு மட்டும் "பழம் மணக்கவே இல்லியே, பிஞ்சா குடுத்துட்டானா"ன்னு கேட்டாராம். அப்ப கை நடுக்கமே இல்ல. மலச்சிக்கல், தூக்கத்துல கத்தி கைய ஓங்கறது, எல்லாம் முன்னாடியே இருந்திருக்கு. கோயில் கணக்கு நோட்ட மகன் கொண்டுட்டு வந்து காட்டுனாரு, அத நான் மறக்கவே மாட்டேன். மொத வருஷத்து பக்கத்துல எழுத்து முத்து முத்தா வரிய நெறச்சு நிக்குது, வருஷம் போக போக சின்னதாகுது, கடைசி பக்கத்துல "திருவிழா வரவு"ன்னு எழுதி இருக்கறது எறும்பு வரிசை மாதிரி, வரி முடியறதுக்குள்ள இன்னும் சின்னதாகி கோடா போயிருச்சு. யாருமே கவனிக்கல. கண்ணாடி பவர் மாத்தணும்னு நெனச்சாங்களாம்.

நடுமூளையில கருப்பா ஒரு சின்ன எடம் இருக்கு, அங்க இருக்கற செல்லுங்கதான் உடம்பு சீரா அசைய வேண்டிய டோபமின்ங்கற ரசாயனத்த செய்யுது, பாதிக்கு மேல செத்த பிறகுதான் நடுக்கம் வெளிய தெரியுது. அதனாலதான் வயசானவங்க வியாதியா தெரியுது, உண்மையில அது ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. 1817ல லண்டன்ல ஜேம்ஸ் பார்க்கின்சன்னு ஒரு டாக்டர் ஆறு பேர பார்த்து எழுதுன வியாதி, இன்னைக்கு நேத்து வந்தது கிடையாது. ஆனா இதுலயும் வயசு மட்டும் இல்ல. உலகக் கணக்குல 1990ல 25 லட்சமா இருந்த பார்க்கின்சன் ஆளுங்க 2016ல 61 லட்சம், வயசான சனம் கூடுனத கழிச்சு பார்த்தா கூட ஐந்துல ஒரு பங்கு போல கூடுதலாத்தான் இருக்கு. மருந்து வந்த பிறகு இந்த வியாதியோட ரொம்ப வருஷம் வாழறாங்க, அதுவும் எண்ணிக்கைய கூட்டும், டாக்டருங்க இப்ப நல்லா கண்டுபுடிக்கறாங்க, அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணமா பூச்சி மருந்து களைக்கொல்லிய சொல்றாங்க.

பாராகுவாட்டுங்கற களைக்கொல்லிய சொன்னா நம்ம தோட்டத்து ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். முதுகுல டாங்கிய மாட்டிக்கிட்டு, முகத்துல துண்ட கட்டிக்கிட்டு, பெரும்பாலும் பொம்பளைங்கதான் அடிச்சாங்க, காத்து எதிர்த்து அடிச்சா அவங்க மேலயே சாரலா விழும், கசிஞ்சு முதுகு நனையும். நம்ம நாட்டுல 2020 ஜனவரி 1லேருந்து முழுசா தடை. அத கையாண்டவங்களுக்கு பார்க்கின்சன் கூடுதலா வருதுன்னு அமெரிக்க விவசாயிங்கள வச்சு செஞ்ச ஆய்வுல பார்த்திருக்காங்க. தூபா வேருல இருக்கற ரோட்டினோன், நம்ம ஆளுங்க ஆத்துல மீன் மயங்க நசுக்கி போடுவாங்களே, அதுவும் அதே பட்டியல்ல இருக்கு. மாமாவுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு ஒருத்தர காட்டி சொல்ல முடியாது, அக்காவும் அப்படித்தான் சொன்னாங்க. ஆனா வாழ்நாள் பூரா மருந்தடிச்சவங்க கை நடுங்கறப்ப "வயசாச்சு"ன்னு மட்டும் சொல்லி அனுப்பறது நியாயமே இல்ல, என்ன வேல பார்த்தீங்கன்னாவது கேட்கணும். இங்க கேட்கறாங்க, ஃபாரத்துலயே எழுதறாங்க.

இப்ப செலவு விஷயம். மொத தடவ 40 வெள்ளி, அடுத்தடுத்து 25. செவ்வாய், வியாழன் காலைல ஒம்போது மணிக்கு வயசானவங்களுக்கு கூட்டா ஒரு வகுப்பு, ஆளுக்கு 5 வெள்ளிதான், ஒரு மணி நேரம். கம்பிய புடிச்சுக்கிட்டு ஒத்தக்கால்ல நிக்கறது, நாற்காலில இருந்து கை ஊனாம எந்திரிக்கறது, நடந்துக்கிட்டே ஏழு ஏழா கொறச்சு எண்ணறது. எங்க வரிசைல மறதி வந்த ஒரு ஆத்தாவும் வர்றாங்க, எண்ணிக்கை வரல, ஆனா யாராச்சும் கும்மிக்கு தாளம் போட்டா காலு தானா போகுது. அக்கா அந்த ஆத்தாவோட காது கேட்கற திறன டெஸ்ட் பண்ண சொல்லி மகள்கிட்ட சொன்னாங்க, காது மந்தம் மறதிய கூட்டும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். ஊசி, கரண்டு ஷாக்கு, லேசர்னு பெரிய பாக்கேஜ் எதையும் தலைல கட்டல. நாலாவது தடவயே "இனி வீட்லயே செய்யலாம், வகுப்புக்கு மட்டும் வாங்க"ன்னு சொன்ன எடம் இது ஒன்னுதான், நான் பார்த்ததுல.

கொறையும் இருக்கு, சொல்லித்தான் ஆகணும். மாடிப்படி 19 படி, செங்குத்து, ஒரு பக்கம்தான் கைப்பிடி. கால் மரத்தவங்களும் நடக்க முடியாதவங்களும் வர்ற எடத்த மாடில வச்சா எப்படி? கேட்டேன், கீழ வாடக ரெண்டு மடங்காம். முடியாதவங்களுக்கு அக்காவே கீழ எறங்கி வந்து கடை முன்னாடி இருக்கற அஞ்சடிப் பாதைல நாற்காலி போட்டு பார்க்கறாங்க, ஆனா ரோட்டுல போறவங்க எல்லாம் வேடிக்க பார்க்கறாங்க, அம்மா மாதிரி மறைக்கற ஆளுங்களுக்கு அது கஷ்டம். ரெண்டாவது, பாதத்த எப்படி கவனிக்கணும்னு குடுக்கற தாள் மலாய்லயும் இங்கிலீஷ்லயும் மட்டும்தான் இருந்துச்சு, நான் ஒக்காந்து தமிழ்ல எழுதி குடுத்திருக்கேன், போட்டோஸ்டாட் எடுத்து குடுக்கறதா சொன்னாங்க. புக்கிங் இல்லாம போனா ஒரு மணி நேரம் காத்திருக்கணும். கார் நிறுத்த எடம் சனிக்கெழம கெடைக்காது.

அம்மா இப்ப எப்படின்னா, எட்டு மாசத்துல நைலான் இழை வலது கால்ல ஆறு எடத்துல ஒன்னுமே தெரியாம இருந்தது, போன வாரம் குதிகால்லயும் முன்பாதத்துலயும் ரெண்டு எடம் "ம்" சொன்னாங்க. வெரல் நுனி இன்னும் இல்ல. நரம்பு திரும்ப வளர்ந்தாலும் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கிட்டதான், சீனியால போனது முழுசா திரும்பாதுன்னும் அக்கா நேராவே சொல்லிட்டாங்க, பொய் நம்பிக்க குடுக்கல. ஆனா தள்ளாட்டம் நல்லா கொறஞ்சிருக்கு, ராத்திரி எந்திரிச்சு பாத்ரூமுக்கு செவுத்த புடிக்காம போறாங்க. தெனமும் சாயங்காலம் விளக்கு வச்ச பிறகு நான் கண்ணாடிய தரையில வச்சு அம்மா பாதத்த அடிப்பக்கம் பார்க்கறேன், அஞ்சு நிமிஷம் ஆகுது, அந்த அஞ்சு நிமிஷத்துல அம்மா பெரட்டு கதை, தண்டல் கதை எல்லாம் சொல்றாங்க.

போறவங்க செவ்வாய்க்கெழம எட்டே முக்காலுக்கே போயிடுங்க, கீழ நிக்கற லாரி வர்றதுக்கு முன்னாடி கார நிறுத்தலாம். மருந்து பட்டியல், ரத்த ரிப்போர்ட் இருந்தா எடுத்துட்டு போங்க, பழைய வேல என்னன்னு கேட்டா கூச்சப்படாம சொல்லுங்க. புது செருப்பு வாங்கி போட்டுட்டு போகாதீங்க, வீட்ல போடற பழைய சிலிப்பரயே போட்டுட்டு போங்க, அக்கா மொதல்ல அத வாங்கி திருப்பி எந்த பக்கம் தேஞ்சிருக்குன்னுதான் பார்ப்பாங்க.